அவர், அவ, அது: நாங்கள் கண்டதும் கேட்டதும்

கொக்குவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

நல்லூர்த் திருவிழாவுக்குச் சில நாள்கள் இருந்த போது, வீட்டுக்கு அருகில் தையற்கடை நடத்தும் ஒருவரிடம் சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். ஒரு காலத்தில் என் வகுப்பில் ஆண் பிள்ளையாக இருந்து படித்த அவர், இப்போது பெண்ணாக வாழ்கிறார். அங்கே காத்திருந்த ஒரு பெண் என்னிடம் விவரம் கேட்க, "அவர் நாளைக்குத் தாறன் எண்டவர்" என்று யோசிக்காமல் சொன்னேன். மறுநாள் சட்டையைத் தந்தபோது, "ரீச்சர், என்னை 'அவ' எண்டு சொன்னால் காணும்" என்று மட்டும் சொன்னார்.

'அவர்' என்பது இருபாலுக்கும் பொதுவான மரியாதைச் சொல் என்றும், ஆதலால் ஒருவரை எந்தப் பாற்சொல்லால் குறிப்பது என்ற சர்ச்சை ஆங்கிலத்துக்கே உரியது என்றும் நான் பலமுறை வாதிட்டிருக்கிறேன். எழுத்துத் தமிழுக்கு அது பொருந்தும். நானே இங்கு அவரை 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். ஆனால் எங்கள் பேச்சில் "அவர் வந்தவர்" என்றால் ஆண், "அவ வந்தவ" என்றால் பெண். மரியாதை கொடுத்துவிட்டேன் என்று நான் நினைத்த அதே சொல், அவருடைய காதில் 'ஆண்' என்று விழுந்திருக்கிறது. பேச்சில் 'அவர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க யாழ்ப்பாணத்தில் இடமில்லை.

என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பியவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பியவரைப் பெண்பாலாகவும் கொள்ள வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டு நன்னூலிலேயே ஒரு நூற்பா இருக்கிறது. நல்லூர் ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு நாங்கள் படித்த நூல் அது. இவர்களுக்கு அஃறிணை முடிபும் வரலாம் என்று அந்த நூற்பா தொடர்ந்து சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஆயினும் அதன் முற்பகுதியைக்கூட நான் வகுப்பில் விளக்கவில்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அஞ்சி ஒவ்வோர் ஆண்டும் கடந்து போனேன். அந்த வகுப்பில் அவரும் இருந்தார்.

கண்ணுக்குத் தெரிவதைத்தானே வாய் சொல்லும், அதை எப்படிக் கட்டாயப்படுத்தலாம் என்று என்னுடன் படிப்பித்த ஒருவர் கேட்டார். நேற்று வரை 'அவன்' என்று சொல்லப்பட்ட அயல்வீட்டுப் பையன், மகளைக் கட்டியதும் 'அவர்' ஆகிவிடுவதில்லையா என்று கேட்டேன். அந்த மாற்றத்தை இங்கு எவரும் பாரமாக நினைப்பதில்லை.

மானிப்பாய், வங்கி ஊழியர்:

என் அண்ணாவின் பிள்ளை சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து வந்தபோது, ஆங்கிலத்தில் தன்னை 'ஹீ' என்றும் 'ஷீ' என்றும் சொல்லாமல் 'தே' என்று குறிக்கும்படி கேட்டது. கனடாவில் ஒரு சொல் தவறினால் சிறை என்று சித்தப்பா பயந்தார். 2017இல் அங்கே நடந்தது, பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் பாலின அடையாளத்தையும் அதன் வெளிப்பாட்டையும் மனித உரிமைச் சட்டத்தில் சேர்த்ததும், வெறுப்புப் பரப்புரையையும் வெறுப்பால் செய்யும் குற்றங்களையும் பற்றிய குற்றவியல் சட்டப் பிரிவுகளில் அவற்றைச் சேர்த்ததும்தான். வாய் தவறியவரைப் பிடித்து அடைக்கும் சட்டம் அன்று என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

'தே' என்பதற்கு எங்கள் வழக்கில் 'அவை' என்று சொல்லிப் பார்த்தேன். "அவை சாப்பிட வருகினம்" என்றதும், எத்தனை பேருக்குப் புட்டு அவிப்பது என்று அம்மா கேட்டார். கடைசியில் வழி கண்டவரும் அம்மாதான். "பிள்ளை எழும்பிட்டுதோ, பிள்ளை சாப்பிட்டுதோ" என்று அந்த ஒரு மாதமும் சொன்னார். பிள்ளைக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் வயது ஏறி, ஊரவர் முன்னால் ஒரு பெரிய ஆளாக நிற்கும் நாளில் இந்தச் சொல் போதுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

யாழ் நகர், திருநங்கை:

மானிப்பாய்க்காரரின் அம்மா சொல்லும் 'சாப்பிட்டுது' வேறு, சந்தையில் என் முதுகுக்குப் பின்னால் கேட்கும் "அது போகுது" வேறு. விகுதி ஒன்றுதான், முன்னது மடியில் இருத்துகிறது, பின்னது மனிதரல்லாத பொருளாக்குகிறது.

இலங்கையில் 2016 முதல், மனநல மருத்துவர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பெயரையும் பாலையும் மாற்றலாம். நானும் மாற்றினேன், புதிய அடையாள அட்டையும் எடுத்தேன். அதன் பின்னரும் ஓர் அலுவலகத்தில், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "அவரை வரச் சொல்லுங்கோ" என்று ஒரு எழுதுவினைஞர் என் குரலை வைத்துச் சொன்னார். வாசலில் நின்ற வயதான காவலாளி திரும்பி, "அக்கா, உங்களைத்தான் கூப்பிடுகினம்" என்றார். அவருக்கு இதை எவரும் படிப்பித்திருக்க மாட்டார்கள்.

வாய் தவறுவதை நான் குற்றமாக எடுப்பதில்லை. தெரியாவிட்டால் கேட்கலாம், கேட்டவர் எவருடனும் நான் கோபித்ததில்லை. சொல்லிய பின்னரும் வேண்டுமென்றே 'அவன்' என்பவர்களைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை. என் அம்மா இன்னும் சில வேளைகளில் "தம்பி" என்று தொடங்குவார். பாதியில் நிறுத்தி, மூச்சு எடுத்து, "பிள்ளை, தேத்தண்ணி ஆறுது" என்பார்.