மறு: மூலக்கூறு நோக்கி வேண்டாம், மூலக்கூறுகாட்டி இருக்கட்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூலக்கூறின் வடிவத்தைத் திரையில் காட்டும் மென்பொருளான மாலிகுலர் வியூவருக்குத் தமிழில் ‘மூலக்கூறு நோக்கி’ என்று போன மாதம் முன்மொழிந்தவன் நான்தான். நுண்ணோக்கி, தொலைநோக்கி வரிசையில் வருகிறதே என்று நீங்களும் சரி என்றீர்கள். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கோத்தகிரிப் பள்ளி ஒன்றில் ஜேமோல் என்ற அப்படியொரு மென்பொருளை இறக்கி, தேயிலையில் இருக்கும் கஃபீன் மூலக்கூறின் கோப்பைத் திறந்து சுழற்றிக் காட்டினேன். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவள் அம்மா கொழுந்து பறிக்கிறவர், “சார், எங்க எஸ்டேட் கொழுந்தைப் பக்கத்துல வெச்சா அதையும் இது பார்க்குமா?” என்று கேட்டாள். நோக்கி என்றால் பார்க்கிற கருவி. அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள். பிழை நான் கொடுத்த சொல்லில்.

அதே கோப்பை நோட்பேடில் திறந்தேன். முதல் வரியில் 24 என்ற எண், அதாவது அணுக்களின் எண்ணிக்கை. அடுத்தது குறிப்புக்கான வரி. அப்புறம் அணுவுக்கு ஒரு வரி: தனிமத்தின் குறியீடு, அணு இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள் (ஆயத்தொலைவுகள்). அவ்வளவுதான். பிணைப்புக் கோடுகள்கூட அந்தக் கோப்பில் கிடையாது. அணுக்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட்டு மென்பொருளே போட்டுக்கொள்கிறது. ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம் என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். இது எதையும் பார்ப்பதில்லை, எண்களிலிருந்து வரைந்து காட்டுகிறது. திசைகாட்டி, நாள்காட்டி போல ‘மூலக்கூறுகாட்டி’ என்போம். வழிகாட்டியைப் போலவே ஒற்று மிகாது, சேர்த்தே எழுதலாம்.

> வேதியியலில் ஏற்கெனவே ‘நிறங்காட்டி’ இருக்கிறதே, குழப்பாதா?

குன்னூர் நண்பரே, குழப்பாது. பினாப்தலீன் போன்ற நிறங்காட்டி நிறத்தைக் காட்டுகிறது, இது மூலக்கூறைக் காட்டுகிறது. முன்னால் நிற்கும் சொல்லே இரண்டையும் பிரித்துவிடும்.

செய்முறைத் தாளில் இன்னொரு திருத்தம். ‘பதிவிறக்கி நிறுவுக’ என்று எழுதியிருக்கிறோம். ஜேமோலை நிறுவவே வேண்டாம். கணினியில் ஜாவா இருந்தால், ஜிப் கோப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் ஜார் கோப்பைச் சொடுக்கினாலே திறந்துவிடும். அந்த ஒரு சொல்லை நம்பி அங்கிருந்த ஆசிரியர் அரை மணி நேரம் செட்டப் கோப்பைத் தேடினார். ‘பதிவிறக்கிப் பிரிக்க’ என்று மாற்றுகிறேன்.

அடுத்த வாரம் கூடலூரில் ஒரு பள்ளி. அங்கே மலேரியா மருந்தான குயினைனின் கோப்பைத் திறக்கலாம் என்று இருக்கிறேன். அது 48 அணுக்கள், கஃபீனைப் போல இரு மடங்கு. சிங்கோனா பட்டையிலிருந்து குயினைன் எடுத்த ஆலை பக்கத்து நடுவட்டத்தில்தானே இருந்தது. தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘மூலக்கூறுகாட்டி’க்கு மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.