ஆர்.டி.ஓ.வுக்குத் தமிழ்: ‘சேராத் திரும்பல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆன்லைனில் விற்கத் தொடங்கும் சிறு கடைகளுக்கான கையேட்டு வரைவில் ரிட்டர்ன், ஆர்.டி.ஓ. (ரிட்டர்ன் டு ஆரிஜின், அனுப்பிய இடத்துக்கே திரும்புவது) இரண்டுக்குமே ‘திரும்பியவை’ என்று இருக்கிறது. இரண்டும் வேறு. ரிட்டர்ன் என்பது வாங்கியவர் கைக்குப் போய், அளவு சேரவில்லை என்று அவர் அனுப்புவது. ஆர்.டி.ஓ. அவர் கைக்கே போகாதது: கதவு எண் இல்லாத முகவரி, எடுக்காத போன், கேஷ் ஆன் டெலிவரியில் வாசலிலேயே ‘வேண்டாம்’ என்பது. அந்தச் சுருக்கத்தை அப்படியே எழுதினால் நம்மூரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

திருப்பூர் பனியன் கடை ஒன்று 100 பார்சல் அனுப்பி 20 திரும்பியதாக வைத்துக்கொள்வோம். இருபதையும் ஒரே கணக்கில் எழுதினால் கடைக்காரர் அளவு அட்டவணையைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். அதில் 14 சேராமலே வந்தவை என்றால், ஆர்டரைப் போனில் உறுதி செய்யாததுதான் கோளாறு. போகக் கூலி, வரக் கூலி இரண்டும் அவர் தலையில்.

என் பரிந்துரை: சேராமல் வருவது ‘திரும்பல்’, வாங்கியவர் அனுப்புவது ‘திருப்பல்’. தன்வினை, பிறவினை வேறுபாடே பொருளைச் சொல்லிவிடும்.

——

> ‘திரும்பல்’, ‘திருப்பல்’

இலக்கணம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கிடங்குச் சீட்டில் ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். மங்கிய தெர்மல் பிரிண்டில் கண்ணுக்கே தெரியாது. சேராமல் வந்தது சீல் உடையாமல் இருந்தால், எடை சரிபார்த்து அன்றே ஸ்டாக்கில் ஏற்றலாம். வாங்கியவர் அனுப்பியதைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். பிரிக்கும்போதே வீடியோ எடுக்க வேண்டும்; உள்ளே வேறு பொருள் இருந்தால் விற்பனைத் தளத்தில் கிளெய்ம் கேட்க அதுதான் சான்று. சீட்டு மாறினால் உடுத்திய பனியன் புதுசாக அடுத்தவருக்குப் போய்விடும்.

‘சேராத் திரும்பல்’, ‘வாங்கியவர் திருப்பல்’ என்று முன்சொல் சேர்ப்போம். முதல் எழுத்திலேயே பிரிந்துவிடும்.

——

‘சேராத் திரும்பல்’ எனக்குச் சம்மதம். கணக்குப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை: இதை ‘விற்பனை ரத்து’ என்று யாரும் விளக்கிவிட வேண்டாம். சரக்கு கிளம்பும்போதே இன்வாய்ஸ் போட்டாகிவிட்டது. திரும்பி வந்தால் ஜி.எஸ்.டி. சட்டம் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் (இன்வாய்ஸ் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டு, விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1இல் காட்ட வேண்டும். விற்பனைத் தளம் கடைக்காரர் பணத்தில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டி.சி.எஸ். (2024 ஜூலை 10 முதல் 0.5 விழுக்காடு) திரும்பியதைக் கழித்த நிகர மதிப்பின்மேல்தான். கிரெடிட் நோட் போடாவிட்டால், தளம் தன் டி.சி.எஸ். கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-8இல் கழித்திருக்கும், கடைக்காரர் கழித்திருக்க மாட்டார், இரண்டும் ஒட்டாது. மாதக் கடைசியில் அனுப்பி அடுத்த மாதம் திரும்பும் பார்சல்களில்தான் இது அதிகம் இடிக்கும்.

இன்னொரு சொல்லும் தேவை. பார்சலைக் கொடுக்க முடியாதபோது கூரியர் முதலில் என்.டி.ஆர். (நான்-டெலிவரி ரிப்போர்ட், கொடுக்க முடியவில்லை என்ற அறிவிப்பு) அனுப்பும். அன்றே வாங்குபவரைக் கூப்பிட்டு முகவரியையோ நேரத்தையோ திருத்தினால் மறு முயற்சியில் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. விட்டால் அதுவே சேராத் திரும்பலாகிவிடும். கையேட்டில் இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். ‘சேராச் செய்தி’ என்று வைக்கலாமா?