பையனுக்கு சி.ஜி.டி., வீடோ தோட்டத்துக்குள்ள. எப்படி சமாளிக்கறீங்க?

தாராபுரத்துக்காரி:
வணக்கமுங்க. பையனுக்கு மூணு வயசு. பொறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசிக்கு இடது கக்கத்துல நெறி கட்டி, மாசக்கணக்கா சீழ் வடிஞ்சுது. இப்ப ஈரல்ல சீழ்க்கட்டி. வெள்ளையணு கிருமியைக் கொல்லுதான்னு பாக்கற டி.எச்.ஆர். டெஸ்ட் எடுத்து, அதைக் கொல்ல முடியாத பொறவி நோய், சி.ஜி.டி.னு சொல்லிட்டாங்க. கிருமிக்கு செப்ட்ரான், பூஞ்சைக்கு இட்ராகோனசோல் ரெண்டும் தினமும் போகுது. வாசல்ல வைக்கப்போர், பின்னால எருக்குழி. "வெள்ளையணு கணக்கு நல்லாத்தானே இருக்குது, மண்ணுல பொரண்டாத்தான் சக்தி வரும்"ங்கறாங்க அத்தை. தோட்டத்துலயே இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க. என் தங்கச்சி வேற இப்ப ஏழு மாசம்.

லேப்காரன்:
கணக்குல குறை இருக்காதுங்க. அணு கிருமியை முழுங்கிடும், ஆனா ஆக்சிஜனை வெச்சு அதைக் கொல்ற நொதி வேலை செய்யாது. அந்த டெஸ்ட்ல சாயம் ஒளிரலைன்னா அதுதான் அர்த்தம். உங்க ரத்தத்தையும் அதே டெஸ்டுக்குக் குடுங்க. பாதி அணு ஒளிர்ந்து பாதி ஒளிரலைன்னா நோய் எக்ஸ் குரோமோசோம் வழியா வருது. அப்ப தங்கச்சிக்கும் டெஸ்ட் பார்க்கணும். குழந்தை பிறந்ததும் டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் பி.சி.ஜி. வேண்டாம்னு இப்பவே பிரசவ டாக்டர்கிட்ட சொல்லி வைங்க. போலியோ சொட்டுக்குத் தடை இல்ல.

வெள்ளகோவில் அம்மா:
எங்க மாமியாரும் இதே பாட்டுத்தான் கண்ணு. மண்ணை விட பயப்பட வேண்டியது மக்கற பொருள்ல இருக்கற பூஞ்சை. போர்ல வைக்கல் உருவறப்ப பொகையாட்டம் ஒரு தூசி கெளம்பும் பாரு, அதுதான் எமன். எருக்குழியை நாங்க தோட்டத்துக் கடைசிக்கு மாத்திட்டோம். எரு அள்ளற அன்னிக்கு, பழைய செவுரு இடிக்கற அன்னிக்கு எல்லாம் பையன் எங்கம்மா வீட்டுல. வாசலுக்குச் சாணி தெளிக்கறதையும் விட்டாச்சு, கோலம் மட்டும் உண்டு.

வைக்கல் தூசி பட்டு ரெண்டு மூணு நாள்ல காய்ச்சலோட மூச்சு வாங்குச்சுன்னா உடனே ஓடு. தூசி பட்டதை மொதல்லயே சொல்லிரு. சளிக்காய்ச்சல்னு வெறும் ஆன்டிபயாடிக் குடுத்தா பத்தாது, பூஞ்சை மருந்தோட ஸ்டீராய்டும் வேணும். இட்ராகோனசோல் கேப்சூலா இருந்தா சோறு உண்டதும் குடு. நெஞ்செரிச்சல் மாத்திரை கூடச் சேர்ந்தா அது உடம்புல ஒட்டாது.

பெரிய பொண்ணு இருந்தா அவளோட திசு வகை (எச்.எல்.ஏ.) பையனுக்குப் பொருந்துதான்னு பாத்து வையி. எலும்பு மஜ்ஜை மாத்துனா நோயே போயிரும்.

தாராபுரத்துக்காரி:
பொண்ணு இருக்கறாக்கா, கேக்கறேன். போரை மாத்தலாம், சாணி தெளிக்க வேண்டாம்னு அத்தைகிட்ட எப்படிச் சொல்றது?

வெள்ளகோவில் அம்மா:
நீ சொல்லாத. அடுத்த செக்கப்புக்கு அவங்களையே கூட்டிட்டுப் போ, டாக்டர் சொல்லட்டும்.