பழைய டீசல் பிக்கப்: ஆயில் மூடியைத் திறந்தால் புகை, வாங்கலாமா?

2004 மாடல் டர்போ டீசல் பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறேன். மீட்டர் 2,10,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் அந்தக் கணக்கை முழுசாக நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு தடவை போய்ப் பார்த்தாகிவிட்டது. முதல் தடவை நான் போகும் முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் (அதிலேயே சந்தேகம் வந்தது), அதனால் அடுத்த முறை சொல்லாமல் காலையிலேயே போனேன். உடனே ஸ்டார்ட் ஆனது, லேசான வெள்ளைப் புகை வந்து ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் இல்லை. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வைத்தேன், உள்ளிருந்து வரும் காற்றில் குதித்து ஆடுகிறது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாயிலும் விட்டுவிட்டுப் புகை. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் பின்னால் நீலப்புகை கொஞ்சம் தெரிகிறது, சமதளத்தில் ஒன்றுமில்லை.

சேஸிஸுக்குப் புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தது. சரி, அதை வெல்டரிடம் காட்டிக்கொள்கிறேன்.

கம்ப்ரெஷன் டெஸ்டுக்கு (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் சோதனை) குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) கழற்ற ஓனர் சம்மதிக்கவில்லை. எதையும் கழற்றாமல், இது பிஸ்டன் ரிங் தேய்மானமா, டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலா, வெறும் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) அடைப்பா என்று எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?