எழுத்துக் கூட்டத் தடுமாறும் பையன்: பரிசோதனைக்கு எங்கே, எப்படிப் போவது?

கம்பத்து அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு, மெட்ரிகுலேஷன் பள்ளி. வாய்ப்பேச்சில் படு சுட்டி. அவன் அப்பாவுக்குத் திராட்சை வியாபாரம். லோடு வரும்போது கூடவே நின்று பெட்டி எண்ணுவான். பதினெட்டுப் பெட்டி, பெட்டிக்குப் பத்துக் கிலோ, கிலோ நாற்பது என்றால் நாம் கால்குலேட்டரை எடுப்பதற்குள் ஏழாயிரத்து இருநூறு என்று சொல்லிவிடுவான். அதே கணக்கு பாடப்புத்தகத்தில் மூன்று வரியாக எழுதியிருந்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

தமிழ் வாசிக்கச் சொன்னால், 'கொக்கு' என்ற சொல்லில் விரலை வைத்து 'கெ... கெக்...' என்று இழுப்பான். பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு 'கொக்கு' என்று முடித்துவிடுவான். படத்தை நான் கையால் மறைத்தால் அவ்வளவுதான், அப்படியே நின்றுவிடும். சொல்வதை எழுதுதல் நோட்டில் துணைக்காலையே காணோம். தொப்பி 'தெப்பி', கோடு 'கேடு'. ஒரே பக்கத்தில் 'மரம்' என்பதை மூன்று விதமாக எழுதியிருக்கிறான்.

போன வாரம் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு நோட்டு கிடைத்தது. இருபதுக்கு இரண்டு. பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அந்த இடத்தில் என் கையெழுத்தை அவனே போட்டுப் பார்த்து, அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மாமியார், "எம் பேரனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போகப் போற?" என்கிறார். கணவர், "எனக்கும்தான் படிப்பு ஏறலை, நான் பொழைக்கலையா?" என்கிறார். கடை பில் எழுதுவது, வங்கி பாரம் நிரப்புவது எல்லாம் கல்யாணமான நாளிலிருந்து நான்தான்.

அங்கே குழந்தையை என்ன செய்வார்கள்? செலவு எவ்வளவு ஆகும்? அந்த ரிப்போர்ட் அவன் மேல் காலத்துக்கும் ஒரு முத்திரையாக ஒட்டிக்கொள்ளுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

கம்பத்து அம்மா, உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் என் மகளுடைய நோட்டுதான் கண்ணில் வந்தது. அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில், 2019-இல், மதுரையில் தனியாரிடம் பரிசோதனை செய்தோம். எல்லாம் சேர்த்து நான்காயிரம் ரூபாய் ஆனது. அதற்கு முந்தைய இரண்டு வருடம் நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளை அடித்தேன். குச்சி வைத்து முட்டிக்குக் கீழே. சோம்பேறித்தனம் என்றே நம்பினேன். நீங்கள் அந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், நல்லது.

என்ன செய்வார்கள் என்றால், ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது. ஒரு மேசை, எதிரே ஒரு அம்மா. முதல் நாள் எங்களிடம்தான் பேசினார்கள்: பிரசவம் எப்படி, எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா. காதையும் கண்ணையும் சோதித்துவிட்டு வரச் சொன்னார்கள். அடுத்து இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் அவளோடு. வண்ணக் கட்டைகளை அடுக்கி அட்டையில் இருக்கிற வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். படத்தில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எண்களைச் சொல்வார்கள், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அது புத்தித்திறனுக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம் இதற்கெல்லாம் தனியாக, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் தயாரித்த சோதனைத் தொகுப்பு.

நான் வெளியே பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, நான் தப்பாச் சொன்னாலும் அந்த மிஸ் திட்டவே இல்ல."

ரிப்போர்ட்டில் என் கண் போனது ஐ.க்யூ. எண்ணுக்கு. அந்த அம்மா அதைத் தாண்டி வேறொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அவளாக வாசிக்கும்போது ஒன்றாம் வகுப்பு அளவு. அதே மாதிரிப் பத்தியை நாம் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டால் மூன்றாம் வகுப்புக்குச் சரியாகப் பதில். அறிவு இருக்கிறது, எழுத்து வழியாக உள்ளே போகும் பாதையில்தான் அடைப்பு. கற்றல் குறைபாடு என்பது இதைத்தான். இதை ஒருவர் சொல்லிக் கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

அப்புறம் வாரம் இரண்டு நாள் ஸ்பெஷல் எஜுகேட்டர், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். தட்டில் ரவையைப் பரப்பி, கொம்பு, துணைக்கால் என்று வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பார். 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் க. ஒலி ஒன்று, ஆனால் கண் மூன்று இடத்துக்குப் போய்வர வேண்டும். நம் எழுத்தில் குழந்தைகள் இடறும் இடம் அது, நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். வீட்டில் நான் பாடத்தை வாசித்துக் காட்டினேன், அவள் வாயால் பதில் சொன்னாள். ஒன்றரை வருடம் கழித்து, மதுரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, வந்த பஸ்ஸின் பலகையை "ஆ... ரப்... பா... ளை... யம்" என்று தானாகவே வாசித்தாள். அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம். பரவாயில்லை.

சோதனை அறை

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அரசு மருத்துவமனையில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். ஆளைப் பார்க்காமல் உங்கள் மகனுக்கு இதுதான் என்று சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். வழியை மட்டும் சொல்கிறேன்.

மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி அல்லது தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும், பதினெட்டு வயது வரை இலவசம். தேனி மாவட்டத்துக்கு க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். கூட்டம் இருக்கும், ஒரே நாளில் முடியாது, அதற்குத் தயாராகப் போங்கள். சென்னைப் பக்கம் உறவினர் இருந்தால் முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனத்தையும் (NIEPMD) பார்க்கலாம்.

தனியாரிடம் போனால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண். சோதனை எடுப்பவர் அதில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகவேண்டாம். அரை மணி நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பும் இடங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். "ஐ.க்யூ. 92" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் மறுநாள் காலையில் வகுப்பில் என்ன செய்வார்? குழந்தை எங்கே சிக்குகிறான், வகுப்பில் என்ன மாற்றம் வேண்டும், வீட்டில் என்ன செய்யலாம் என்று எழுதாத ரிப்போர்ட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உட்காரவைத்து விளக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

முத்திரை பற்றிக் கேட்டீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. பரிசோதனை வேறு, சான்றிதழ் வேறு. சான்றிதழ் வாங்குவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள், இப்போதே அவசரமில்லை. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், எட்டு வயது முடிந்தபின் சான்று, 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு என்று சொன்னது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் கேட்க அந்தச் சான்றிதழ் உதவும். ரிப்போர்ட் உங்கள் கையில்தான் இருக்கும். உங்கள் அனுமதி இல்லாமல் நாங்கள் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம்.

டி.சி. விஷயம்: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது. சண்டை போடாமல், எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பேச்சு மாறும்.

மாமியாரிடம், கண் டாக்டரிடம் போவது மாதிரிதான் என்று சொல்லிப்பாருங்கள். கூடவே அழைத்துக்கொண்டும் வரலாம். பாட்டிகள் வந்து உட்கார்ந்து பார்த்தபிறகு வீட்டில் எங்களுக்காகப் பேசுகிறவர்களே அவர்கள்தான்.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

நான் பையனைப் பற்றிப் பேச வரவில்லை. "எனக்கும்தான் படிப்பு ஏறலை" என்று சொன்னாரே, அவரைப் பற்றி.

எனக்கு 38. பனியன் கம்பெனியில் கட்டிங். துணியைப் பார்த்தால் எத்தனை பீஸ் விழும் என்று கண்ணாலேயே சொல்வேன். ஆர்டர் ஷீட்டை மட்டும் பக்கத்து டேபிள் தம்பியிடம், "கண்ணாடி கொண்டுவரலை, கொஞ்சம் படி" என்று கொடுப்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். மனைவி இல்லை என்றாள். அவளுக்கே தெரியாது. பன்னிரண்டு வருடம் மறைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினொரு மணிக்கு மேல் 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதல் ஐந்து நிமிடம் என்னால் பேசவே முடியவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் போனை வைக்கவில்லை. அங்கிருந்து வழிகாட்டி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கவுன்சலிங். நான்கு மாதம் போனேன். மருந்து எதுவும் தரவில்லை. எனக்கு இருந்தது பயமும் வெட்கமும், அதைத்தான் பேசினோம். இப்போது ஆர்டர் ஷீட்டைப் போட்டோ எடுத்தால் போனே வாசித்துக் காட்டுகிறது. தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள் தங்கச்சி. அவர் மகனைத் தடுக்கவில்லை, பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பத்து அம்மா (பன்னிரண்டு நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. திருப்பூர் அண்ணன் எழுதியதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். குறுக்கே ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "இன்னொரு தடவை வாசி" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றது குடும்பக் கஷ்டத்தால் என்றுதான் இத்தனை நாள் எங்களுக்குச் சொல்லியிருந்தார். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், அதனால் நின்றாராம். தன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் லோடு வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவரே க.விலக்குக்கு வந்தார். அடுத்த வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள். காது, கண் சோதனை முடிந்துவிட்டது, இரண்டும் நன்றாக இருக்கின்றன. பள்ளிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள், டி.சி. பேச்சு எழவில்லை. பையனிடம், உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் சுலபம் என்று கண்டுபிடிக்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். "ஊசி உண்டா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான்.

ஒரு சந்தேகம். வியாழக்கிழமை என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

சோதனை அறை

ஆதார், பிறப்புச் சான்று, பழைய மருத்துவச் சீட்டுகள், மார்க் அட்டைகள். நோட்டுகளை எல்லாம் கொண்டு போங்கள், அந்தக் கிழிந்ததையும் சேர்த்து. புது அட்டை போட்டு அழகாக்க வேண்டாம். காலையில் வயிறு நிறையச் சாப்பிடவைத்து, அவனுக்குப் பிடித்த தின்பண்டம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இடைவேளை கேட்பான், கொடுப்பார்கள்.