தெலுக் குராவில் அப்பா விட்டுச்சென்ற நிலம்: மூன்றாகப் பிரிக்க முடியுமா?

மல்லிகா_பிடோக் கேட்டது:

வணக்கம். அப்பா போன ஆண்டு தவறிவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். உயில் எதுவும் இல்லை. இருப்பது சிங்கப்பூரில், தெலுக் குராவ் லோரோங் (கிளைத்தெரு) ஒன்றில் ஒரு பழைய பங்களா. மாடி கிடையாது, ஃப்ரீஹோல்ட் (காலவரம்பில்லாத உரிமை). நிலம் 430 சதுர மீட்டர், சாலைப் பக்கம் அகலம் 17 மீட்டர். வீடு நிலத்துக்கு நடுவில் நிற்கிறது. இரண்டு பக்கமும் அப்பா வைத்த மரங்கள், பின்னால் ஒரு பெரிய முருங்கை.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் பெர்த்தில் இருக்கிறார், ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கி வெகுநாளாகிறது. நான் பிடோக்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். தம்பிதான் அப்பாவோடு அதே வீட்டில் இருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டான். அவனுக்கு வேறு வீடு கிடையாது.

விற்றுவிட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். தம்பிக்கு அங்கிருந்து போக மனமில்லை, எனக்கும்தான். துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்து, சீட்டுப் பிடித்து அப்பா வாங்கிய இடம் அது. அதை ஒரே கையெழுத்தில் வேறு யாருக்கோ கொடுத்துவிட முடியவில்லை. எதிர் வரிசையில் இதேபோல் ஒரு பங்களாவை இடித்து இரண்டு செமி-டி (ஒரு பக்கச் சுவர் ஒட்டிய வீடு) கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டு முகவர் வந்து பார்த்துவிட்டு, "80 சதுர மீட்டர் இருந்தாலே டெரஸ் (வரிசை) வீடு கட்டலாம், உங்கள் நிலத்தை நான்காகக்கூடப் பிரிக்கலாம்" என்றார். அது சரியா? மூன்று லாட்டாக (தனி மனையாக) பிரித்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சர்வே_குணா:

மல்லிகா அக்கா, நான் நில அளவை வேலையில் இருப்பவன். முதலில் அந்த 80 சதுர மீட்டர் பேச்சை விட்டுவிடுங்கள். அது டெரஸ் இரண்டாம் வகைக்கான எண், எல்லா இடத்திலும் அந்த வகையை விடமாட்டார்கள். அப்படியே விட்டாலும் அதற்கும் 6 மீட்டர் அகலம் வேண்டும். 17 மீட்டரை நான்காக வகுத்தால் 4.25, மூன்றாக வகுத்தால் 5.67. இரண்டுமே பத்தாது. நிலம் பிரிக்க வருகிறவர்கள் எல்லாரும் சதுர அடியையே பேசுகிறார்கள். பல லாட்களில் முடிவைச் சொல்வது அகலம்தான்.

வழக்கமான டெரஸ் வீட்டுக்கு யூஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்) கேட்பது 150 சதுர மீட்டர், 6 மீட்டர் அகலம். வரிசையின் ஓரத்து வீட்டுக்கு 200 சதுர மீட்டர், 8 மீட்டர். உங்கள் நிலத்தில் மூன்று வீடு போட்டால் இரண்டு ஓரம், ஒரு நடு. ஆக 22 மீட்டர் அகலமும் 550 சதுர மீட்டர் நிலமும் வேண்டும். மூன்று லாட் என்ற யோசனை இங்கேயே முடிகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிரிக்கலாமே என்று தம்பி கேட்பார். பின் லாட்டுக்கும் சாலையிலிருந்து வண்டி போகும் வழி விடவேண்டும். அந்த வழியே நிலத்தைத் தின்றுவிடும்.

இரண்டு செமி-டி? அதற்கு இடமிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 200 சதுர மீட்டர், 8 மீட்டர் அகலம். உங்களுக்கு வருவது 215 சதுர மீட்டர், 8.5 மீட்டர். ஆனால் எதிர் வரிசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்தத் தெருவில் பங்களா மட்டும், எங்கே செமி-டி, எங்கே எல்லாம் கலந்து வரலாம் என்று தரைவீட்டு (சொந்த நிலத்தோடு உள்ள வீடுகள்) பகுதிகளுக்குத் தனி வரைபடம் இருக்கிறது. சாலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று என்று இருப்பதும் உண்டு. யூஆர்ஏ இணைய வரைபடத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியம் சாலைக்கோடு. எதிர்காலச் சாலை விரிவாக்கத்துக்காக எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) உங்கள் முன்பக்கத்தில் ஒரு பட்டையை ஒதுக்கியிருக்கலாம். மறுகட்டுமானத்தின்போது அதை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வரும். 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 17 மீட்டர் நீளத்துக்கு 34 சதுர மீட்டர் போகும், மிச்சம் 396. லாட்டுக்கு 198. இரண்டு சதுர மீட்டர் குறைந்ததால் குடும்பக் கணக்கே தலைகீழாகிவிடும். வடிகாலுக்கும் அதேபோல் ஒதுக்கீடு இருக்கிறதா என்று பியூபியிடம் (தேசிய நீர் அமைப்பு) பார்க்க வேண்டும். இந்தத் தாள்கள் கையில் வருவதற்கு முன் "உனக்கு இது, எனக்கு அது" என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். உடன்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். சண்டை நிலத்தால் வந்ததில்லை, அவசரப்பட்டுக் கொடுத்த வாக்கால் வந்தது.

இன்னொன்று. வீடு நடுவில் நிற்பதால் பிரிக்கும் கோடு கூடத்தின் வழியே போகும். இடித்துத்தான் ஆகவேண்டும். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அவசரகாலப் பாதுகாப்பு அறை, கழிவுநீர் இணைப்பு, மீட்டர் எல்லாம் வரும். பதிவுபெற்ற சர்வேயர் அளந்து எஸ்எல்ஏவிடம் (சிங்கப்பூர் நில ஆணையம்) கொடுத்த பிறகே புதிய லாட் எண், அதற்கும் பிறகுதான் தனிப் பத்திரம்.

கலா_பத்திரம்:

நான் சொத்துப் பத்திர வேலை பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். அளவுகளைக் குணா சொல்லிவிட்டார். பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன்.

பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும்தானே? உயில் இல்லை, அம்மாவும் இல்லை என்றால் பிள்ளைகளுக்குச் சமபங்கு. முதலில் நீதிமன்றத்தில் சொத்தை நிர்வகிக்கும் அனுமதி வாங்க வேண்டும். அது வராமல் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட ஆளில்லை.

உங்கள் அண்ணன் விஷயத்தில் கவனம் தேவை. வெளிநாட்டுக் குடிமகன் தரைவீட்டில் பங்கை வைத்துக்கொள்ள எஸ்எல்ஏவில் அதற்கென்று உள்ள பிரிவின் ஒப்புதல் வேண்டும். வாரிசாக வந்தாலும் அப்படித்தான். கிடைக்காவிட்டால் குறித்த காலத்துக்குள் அந்தப் பங்கை விற்றாக வேண்டும். அந்தக் காலம் அப்பா இறந்த தேதியிலிருந்தே ஓடுகிறது. அதனால் அவர் விற்கலாம் என்று சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சமபங்கை அப்படியே வாரிசாகப் பெற்றால் முத்திரை வரி இல்லை. ஆனால் அண்ணன் பங்கை யாராவது வாங்கினால் உண்டு. நீங்கள் வாங்கினால், வீவக வீடு ஏற்கெனவே இருப்பதால் இரண்டாவது சொத்துக் கணக்கில் கூடுதல் வரி 20 விழுக்காடு. 2023 ஏப்ரல் 27 முதல் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அந்த விகிதம்தான். தம்பி குடிமகனாக இருந்து வேறு வீடும் இல்லாவிட்டால் அவருக்கு அந்தக் கூடுதல் வரி வராது. அவர் வாங்குவதுதான் நல்லது. உங்கள் வீவக வீட்டு நிலை என்ன ஆகும் என்று வீவகவிடமும் கேட்டுவிடுங்கள்.

ரவி_ஈசூன்:

ஒத்துவராமல் இழுத்துக்கொண்டே போனால் நீதிமன்றமே விற்கச் சொல்லலாம். அந்த நிலைக்குப் போகவிடாதீர்கள் அக்கா. அண்ணனைப் பேச்சில் சேர்த்துக்கொண்டு, எல்லாத் தாளையும் அவருக்கும் அனுப்புங்கள்.

மல்லிகா_பிடோக்:

குணா, கலா, ரவி, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனுக்கு இந்தச் சிக்கல் இருக்கும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அவரைப் பற்றி மனதில் இருந்த கோபம் குறைந்தது. நேற்றிரவு கூப்பிட்டுப் பேசினேன். அண்ணன் பங்கைத் தம்பி வாங்கிக்கொண்டு, நிலத்தை இரண்டாக்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்று அண்ணனே சொல்லியிருக்கிறார்.

குணா, ஒரு சந்தேகம். அந்த 17 மீட்டர், தம்பி வேலிக்கு வேலி நாடா வைத்து அளந்தது. அது போதுமா?

சர்வே_குணா:

போதாது அக்கா. வேலி எல்லை கிடையாது. பழைய வீடுகளில் வேலி பக்கத்து நிலத்துக்குள் போயிருப்பதும், உள்ளே தள்ளி நிற்பதும் சகஜம். இரண்டு செமி-டிக்கு 16 மீட்டர் வேண்டும், உங்களிடம் மிச்சம் ஒரே ஒரு மீட்டர். பத்திரத்தில் உள்ள லாட் எண்ணை வைத்து எஸ்எல்ஏவில் நில அளவை வரைபடம் வாங்குங்கள். அதோடு எல்டிஏ சாலைக்கோட்டுத் தாளும் வரட்டும். இரண்டையும் பார்த்துவிட்டு, பதிவுபெற்ற சர்வேயர் ஒருவரை வைத்து எல்லையை அளந்து குறியுங்கள். அதுவரை கட்டடக் கலைஞருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.