உடையிலும் நாய் முடியிலும் ஒட்டும் இந்த விதை எந்தச் செடியுடையது?

எல்லோருக்கும் வணக்கம். தோட்டத்தின் பின்பக்கம் போய்வந்தாலே பேன்ட் முழுக்கக் கறுப்பாக ஊசி ஊசியாக ஒட்டிக்கொள்கிறது. நேற்று எங்கள் நாயின் காதுக்குப் பின்னால் முடி சடைபிடித்துக் கிடந்தது. அரை மணி நேரம் மடியில் வைத்துச் சீப்பால் எடுத்தேன். பாவம், முனகிக்கொண்டே இருந்தது.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விதை ஒரு சென்டிமீட்டர் நீளம், நுனியில் இரண்டு மூன்று முள், அந்த முள்ளிலும் பின்னோக்கிய கொக்கிகள். செடி இடுப்பளவு, பூவின் நடுவே மஞ்சள், சுற்றி நாலைந்து வெள்ளை இதழ். நாயுருவி எனக்குத் தெரியும், நீளக் கதிரில் விதை கீழ்நோக்கி இருக்கும், இது அதில்லை. உருண்டையாக முள்ளோடு ஒட்டும் மருளூமத்தைக் காயும் இல்லை.

பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கியிருக்க வேண்டும். இப்போது பாதிச் செடியில் விதை முற்றிவிட்டது. விதை உள்ள தலைப்பகுதியை முதலில் வெட்டிப் பையில் கட்டிவிட்டுப் பிடுங்கினால் உதிராமல் இருக்குமா? உரக்குழியில் போடப் பயமாக இருக்கிறது. மறுபடி முளைக்காமலிருக்க மூடாக்கு (மண்மேல் பரப்பும் வைக்கோல், சருகு) போட்டவர்கள் எத்தனை அங்குலம் போட்டீர்கள்? நாய் திரிகிற இடம், களைக்கொல்லி மட்டும் வேண்டாம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.